றாத்தல் கணக்கு

பட்டர் ஆறு றாத்தல், சீனி ஐந்து,
முட்டை எழுபது.
இது எனக்குத் தெரிந்த கணக்கு.
காற்றுக்கும் றாத்தல் உண்டென்று
கோண்டாவில் கராச்சில்
கால் ஒன்று வளைந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபோதுதான் அறிந்தேன்.

இவருக்கு அந்த லான்சர் வாகன்
பூனை பதுங்கினமாதிரி நிற்கவேணும்.
ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில்
நூல்கூடப் போகக்கூடாது.
ஃபோனில் படம் வைத்திருந்தார்,
மூன்றுதரம் காட்டினார்.
நான் கேட்டது ஒன்றுதான்:
"குருநகரில இருந்து பருத்தித்துறைக்கு
மூன்று தட்டுக் கேக் போகுமோ?"

ஸ்பிரிங் நாலும் கழன்று நிலத்தில் கிடந்தன.
அவை இருந்த இடத்தில் கறுத்த ரப்பர்ப் பைகள்,
வயிறு ஒட்டிப்போய்.
ஸ்பெயார் சில்லுக் குழிக்குள்
கொம்பிரசரும் காற்றுச் சிலிண்டரும்.
அப்ப அந்தச் சில்லு?
என் ஐசிங் மேசைக்குக் கீழே.
நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன்.
இவரும் பார்த்தார், பார்க்காதமாதிரி.

கேதாரன் சவர்க்காரத் தண்ணியைத் தொட்டு
குழாய் மூட்டெல்லாம் பிரஷால் பூசினார்.
நுரை வந்தால் கசிவாம்.
முட்டை வெள்ளைக்கரு அடித்தே கை உளைகிற எனக்கு
நுரை கெட்ட செய்தியாவது புதிது.

முதல் ஓட்டம். இருபது றாத்தல்.
வடிவுதான், பொய் சொல்லக்கூடாது.
கோயில் வீதியில் பெடியள் திரும்பிப் பார்த்தார்கள்.
இருபாலைப் பக்கம் ஒரு பள்ளம்.
டங்.
என் நாரி உச்சந்தலைவரை போய் வந்தது.
மடியில் வைத்திருந்த சோதனைக் கேக் சரிந்து
சீனி ரோசாப்பூ ஒன்று
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்து அறுபது ஏற்றினார்கள்.
இப்போது மாட்டுவண்டி.
வீதியில் கிடந்த ஒவ்வொரு கல்லையும்
பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது.

"பையைப் பேசாதேங்கோ, அக்கா" என்றார் கேதாரன்.
"காத்து பாரத்தைத் தாங்கும்.
ஆட்டத்தை அடக்கிறது ஷொக்.
உங்கட ஷொக் செத்துக் கனகாலம்."
பிறகு இவரிடம்:
"டெனிஸ்ரன் அண்ணை, சில்லு எழும்ப இடம் வேணும்.
ஓடேக்க நாலு விரல் விடுங்கோ.
இடம் விடாட்டி என்ன பூட்டியும் இடிக்கும்."

நாலு விரல்.
இவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.
ஒரு விரலை மெல்ல மடக்கினார்.
நான் பேசாமல் அதை நிமிர்த்திவிட்டேன்.

புது ஷொக் கொழும்பிலிருந்து வரப் பத்து நாள்.
அதற்குக் கொடுத்தது, ஒளிப்பானேன்,
நத்தார்க் கேக் ஓடரின் முற்பணம்.

பிறகு மூன்று பின்னேரம்
பண்ணைப் பாலத்தால் போய் வந்தோம்.
பின் சீட்டில் நான், மடியில் கேக், பக்கத்தில் கொப்பி.
முன்னுக்கு நாற்பது, பின்னுக்கு முப்பத்தைந்து.
"பின்னுக்குக் கொஞ்சம் இறக்குங்கோ."
முப்பத்திரண்டு.
கடல் இரண்டு பக்கமும் தட்டையாய்க் கிடந்தது.
ஒற்றைக்காலில் கொக்குகள்;
அதுகளுக்கு இந்தச் சோலி ஒன்றுமில்லை.
"இன்னும் இரண்டு."
முப்பது.
கேக் அசைந்தது.
ஆனால் என்னோடு சேர்ந்து அசைந்தது.
பட்டர், சீனி, முட்டைக்குக் கீழே எழுதினேன்:
காற்று, 30.

கலியாணத்தன்று விடிய
இவர் ஒரு பொத்தானை அமத்தினார்.
உஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டு
வண்டியின் பின்பக்கம் குந்தியது,
என் தள்ளுவண்டித் தட்டின் உயரத்துக்குச் சரியாய்.
மூன்று தட்டும், தூக்காமல், வழுக்கிக்கொண்டு உள்ளே.
இதை அவரும் நினைத்துச் செய்யவில்லை,
நானும் எதிர்பார்க்கவில்லை.
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மண்டப வாசலில் முழுக்க இறக்கிவிட்டு
பக்கத்தில் கைகட்டி நின்றார்.
பெடியள் படம் எடுத்தார்கள்.
நிற்கட்டும். நின்ற இடத்தில் பள்ளம் இல்லை.

அடுத்த நாள் காலை
இடப்பக்கப் பின்சில்லு முழங்காலில் நிற்கிறது.
இவர் சவர்க்காரத் தண்ணியோடு வண்டிக்குக் கீழே,
நான் வெள்ளைக்கருவோடு குசினி யன்னலில்.
"நுரை வருதோ?" என்று கேட்டேன்.
"இன்னும் இல்லை. உமக்கு?"